ஆறு உறைவதற்குள் இண்டென்ட்

நண்பர்களே, தங்க வேட்டை என்றதும் சல்லடையும் தாடிக்காரர்களும்தான் நமக்கு ஞாபகம் வரும். நான் பேச வந்தது ஒரு ஸ்டோர் ரூமைப் பற்றி.

அலாஸ்காவில், கனடா எல்லைக்குச் சில மைல் இப்பால், யூக்கான் ஆற்றங்கரையில் ஈகிள் என்று ஓர் ஊர். தங்கம் தேடிக் கூட்டம் குவியவே, 1899-இல் அமெரிக்க ராணுவம் அங்கே ஃபோர்ட் எக்பர்ட் முகாமை அமைத்தது. சாமான் வரும் வழியைக் கேளுங்கள். கடல் கப்பலில், யூக்கான் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள செயின்ட் மைக்கேல் துறைமுகம் வரை. அங்கே இறக்கி, ஆற்றில் ஓடும் நீராவிப் படகில் ஏற்றி, நீரோட்டத்தை எதிர்த்து ஆயிரம் மைலுக்கும் மேல். ஆற்றில் படகு ஓடுவதோ வருஷத்தில் நான்கைந்து மாதம். இண்டென்ட்டில், அதாவது வேண்டிய சாமானைக் கேட்டு அனுப்பும் பட்டியலில், மாவு மூட்டையைக் குறைத்து எழுதிவிட்டால், அடுத்த கோடை வரை பட்டினிக்குப் பக்கத்தில்தான் குடித்தனம்.

ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் சாப்பாட்டுக்கு ஓர் இலாகா, உடைக்கும் வண்டிக்கும் வேறொன்று, துப்பாக்கிக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. காரணம் காட்டாமல் பொருள் குறைந்தால் பொறுப்பு அதிகாரியின் சம்பளத்தில் கைவைப்பார்கள். பன்றி இறைச்சி கெட்டுப்போனதா? சும்மா தூக்கிப் போட முடியாது. அதிகாரிகள் குழு உட்கார்ந்து, பார்த்து, முகர்ந்து, யார் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குளிர்காலத்தில் அந்தக் காகிதமும் நாய் வண்டியில்தான் போகும்.

அப்புறம் கோவேறு கழுதைகள். அவற்றுக்குக் கட்டிய பெரிய கொட்டில் இன்றும் நிற்கிறது. 1901-இல் பில்லி மிட்செல் என்ற இளம் லெஃப்டினன்ட் தந்திக் கம்பி போட வந்தார். கோடையில் தரை இளகிச் சேறாகும், சுமையோடு கழுதை புதையும், கொசு வேறு. மிட்செல் கணக்கைத் திருப்பிப் போட்டார். கடுங்குளிரில் சறுக்குவண்டியில் சாமானை வழிநெடுகக் கொண்டுபோய் வைப்பது, கோடையில் கம்பம் நடுவது. 1903-இல் வேலை முடிந்தது. பிற்காலத்தில் விமானப்படைக்காக மேலிடத்தோடு மல்லுக்கட்டி கோர்ட் மார்ஷலுக்கு ஆளான அதே மிட்செல்தான். எனக்கென்னவோ, அந்த விமானங்களைவிட இந்தச் சறுக்குவண்டிதான் பிடித்திருக்கிறது.

அந்தத் தந்தியைத் தேடி, 1905 டிசம்பரில் நார்வே நாட்டுத் துருவப் பயணி அமுண்ட்சென் நாய் வண்டியில் ஈகிளுக்கு வந்து சேர்ந்தார். கப்பல் வடக்கே பனிக்கட்டியில் நிற்கிறது. கனடாவுக்கு வடக்கே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் வடமேற்குக் கடல்வழியைக் கடந்த சேதியை உலகுக்குச் சொல்ல வேண்டும், கையில் காசில்லை. நீளமான தந்தியாக எழுதி, கட்டணத்தைப் பெறுபவரே கட்டட்டும் என்று நார்வேயின் இன்னொரு துருவப் பயணி நான்சென் பெயருக்கு அனுப்பிவிட்டார்.