முழுப் பெட்டிக்கு எத்தனை? ஃப்ளோர் சூத்திரம்

[திரை: எக்செல் தாள். பி2 செல்லில் 4387]

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையின் கணக்கு இது. இன்று எடுத்தது 4,387 முட்டை. அட்டைக்கு 30, ஏழு அட்டை ஒரு பெட்டி, ஆக பெட்டிக்கு 210. முழுப் பெட்டிதான் லாரியில் ஏறும் என்றால் எத்தனை முட்டை போகும்?

சி2-வில் இப்படிப் போடுங்கள்: =ஃப்ளோர்(பி2,210). பெயரை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்: எஃப், எல், ஓ, ஓ, ஆர். விடை 4200. அதை 210-ஆல் வகுத்தால் 20 பெட்டி. கமாவுக்கு முன்னால் எண், பின்னால் மடங்கு; எண்ணை அதற்குக் கீழே உள்ள முழு மடங்குக்கு இறக்கும், அவ்வளவுதான். கூகுள் ஷீட்ஸிலும் இதே சூத்திரம்தான்.

மீதி இருக்கிறதே? டி2-வில் =ஃப்ளோர்(பி2-சி2,30). 180 வரும், ஆறு அட்டை. இ2-வில் =பி2-சி2-டி2. சில்லறை 7.

[திரை: பக்கத்தில் எம்ரவுண்ட், ரவுண்ட்டவுன் விடைகள்]

இந்த இடத்தில் எம்ரவுண்ட் போடக் கூடாது. அது பக்கத்து மடங்குக்குப் போகும், மேலே கீழே பார்க்காது. நம் 4,387-க்கு அது 4,410 என்று சொல்லும். பண்ணையில் இல்லாத 23 முட்டையை ஏற்றிவிட்டதாகக் கணக்கு எழுதிவிடும்.

ரவுண்ட்டவுன் இன்னும் ஏமாற்றும். முழு அட்டைகளில் மொத்தம் எத்தனை முட்டை என்று பார்க்க =ரவுண்ட்டவுன்(பி2,-1) போட்டால் 4380. மடங்கு 30 கொடுத்த ஃப்ளோரும் 4380. சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவோம். மறுநாள் 4,376 வரட்டும். ரவுண்ட்டவுன் 4370 காட்டும், ஃப்ளோர் 4350 காட்டும். 4370 எந்த அட்டைக் கணக்கிலும் வராது. ரவுண்ட்டவுனுக்கு 10, 100 என்று பத்தின் அடுக்குகள்தான் தெரியும், 30 தெரியாது. முதல் நாள் பொருந்தியது தற்செயல். அதனால் எந்தச் சூத்திரத்தையும் ஒரே எண்ணை வைத்துச் சரிபார்க்காதீர்கள்.

[திரை: எச்1-இல் 210, எச்2-இல் 30]

மடங்கைச் சூத்திரத்துக்குள் எழுதாமல் தனி செல்லில் வைப்பது நல்லது. ஆனால் =ஃப்ளோர்(பி2,எச்1) என்று எழுதிக் கீழே இழுத்தால் என்ன ஆகிறது, பாருங்கள். மறுநாளின் 4,376 இருக்கும் மூன்றாம் வரியில் எச்1 நகர்ந்து எச்2 ஆகிவிடும். மடங்கு 30 ஆகி, 4200 வர வேண்டிய இடத்தில் 4350. பார்வைக்குச் சரியான எண் போலவே இருக்கும், பிழைச் செய்தியும் வராது. நான்காம் வரியில் எச்3 காலி, அங்கேதான் #டிவ்/0! எட்டிப் பார்க்கும். பிழை தெரிகிற வரியை மட்டும் திருத்தினால் மூன்றாம் வரி தப்பாகவே நின்றுவிடும். சூத்திரத்தில் எச்1 மேல் கர்சரை வைத்து எஃப்4 அழுத்துங்கள். =ஃப்ளோர்(பி2,$எச்$1) ஆகிவிடும், இனி நகராது.

பி2-வில் "4387 முட்டை" என்று எழுதினால் #வேல்யூ! வரும். எண்ணை மட்டும் எழுதி, அலகைத் தலைப்பில் போடுங்கள்.

கழித்தல் குறி உள்ள எண்ணில் கவனம் வேண்டும். இருப்பு வித்தியாசம் -7 என்றால் =ஃப்ளோர்(-7,30) தருவது -30. கீழே என்றால் பூஜ்யத்தை விட்டு விலகிக் கீழே. பூஜ்யத்தை நோக்கி வர வேண்டுமென்றால் மடங்கையும் -30 ஆக்குங்கள், 0 கிடைக்கும். எண் கூட்டலாக இருந்து மடங்கு மட்டும் கழித்தலானால் #நம்! பிழை.

[திரை: பி2-வில் வந்த நேரம், சி2-வில் போன நேரம்]

நேரத்தையும் இப்படி வெட்டலாம். =ஃப்ளோர்(பி2,டைம்(0,15,0)) போட்டால் 8:52 என்பது 8:45 ஆகும். 0.364583 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், செல்லின் வடிவத்தை நேரத்துக்கு மாற்றுங்கள்.

வேலை நேரத்தைக் கழித்து எடுத்து வெட்டும்போதுதான் சிக்கல். எக்செலுக்கு ஒரு நாள் என்பது 1. கால் மணி நேரம் அதில் 96-இல் ஒரு பங்கு. இருமக் கணக்கில் அது முடிவில்லாமல் நீளும் பின்னம், எங்கோ வெட்டித்தான் சேமிக்க முடியும். கழித்து வந்த விடை இம்மி குறைந்தாலும் ஃப்ளோர் ஒரு படி இறக்கிவிடக்கூடும். திரையில் 8:45 தெரியும், ஃப்ளோர் 8:30 தரும், உழைத்தவருக்குக் கால் மணி நேரம் போய்விடும். முதலில் முழு நிமிடமாக்கி, பிறகு வெட்டுங்கள்: =ஃப்ளோர்(ரவுண்ட்((சி2-பி2)*1440,0),15)/1440. ஒரு நாளுக்கு 1440 நிமிடம், அதுதான் அந்த எண்.