முதுகு வளைந்தால் நடனம் இல்லையா?

நேயர்களுக்கு வணக்கம். நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். பரதம் உண்டு, நவீன நடனமும் உண்டு. ஒருநாள் ஓர் அம்மா வகுப்பை எட்டிப் பார்த்தார். மகள் நவீன நடனத்துக்காகத் தரையில் உருண்டுகொண்டிருந்தாள். "ஏன் டீச்சர், இப்படிப் புரளுறதுக்கா மாசாமாசம் காசு கட்டுறேன்?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான்.

பதில் சொல்ல, மேற்கத்திய நடனமான பாலேயிலிருந்து தொடங்குகிறேன். பாலே பிரெஞ்சு அரசவையில் வளர்ந்த கலை. 1661இல் பதினான்காம் லூயி மன்னர் நடனத்துக்கென்று ஒரு கழகமே அமைத்தார். பின்னாளில் பெண்கள் கால்விரல் நுனியில் நின்று ஆடத் தொடங்கினார்கள், உடம்புக்கு எடையே இல்லாததுபோல. வலி வெளியே தெரியக்கூடாது. அழகுதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவர் விரல் நுனியில் நிற்பாரா?

இசடோரா டங்கன் என்ற அமெரிக்கப் பெண் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஆடியபோது மேற்கு நாடுகளில் பெரிய பரபரப்பு. நமக்கு இதில் என்ன இருக்கிறது? சலங்கை கட்டும் காலில் என்றைக்குச் செருப்பு இருந்தது? நவீன நடனத்தில் நம்மவர்களுக்கு உறுத்துவது வேறு. முத்திரை எங்கே, நகை எங்கே, கதை எங்கே என்பார்கள்.

நவீன நடனத்தில் எனக்குப் பிடித்தவர் அமெரிக்காவின் மார்த்தா கிரஹாம். அவர் மூச்சிலிருந்து தொடங்கினார். வீட்டில் இருப்பவர்கள் மூச்சை முழுக்க வெளியே விட்டுப் பாருங்கள். கார் ஓட்டுகிறவர்கள் வேண்டாம்! வயிறு உள்ளே போகும், முதுகு வளையும். அந்த வளைவுதான் அவர் நடனத்தின் அடிப்படை. 1930இல் 'லாமென்டேஷன்' என்று ஒரு தனி நடனம் ஆடினார். குழாய்போலத் தைத்த துணிக்குள் உடம்பு முழுக்க இருக்கும்; முகம், கை, பாதம் மட்டும் வெளியே. பெஞ்சில் உட்கார்ந்தபடியே துணியை இழுத்து இழுத்து, துக்கத்துக்குள் மாட்டிக்கொண்டவரைக் காட்டுவார். ஒருமுறை அதைப் பார்த்த ஒரு பெண் மேடைக்குப் பின்னால் வந்து அவரைச் சந்தித்தாராம். மகன் லாரியில் அடிபட்டு இறந்ததைக் கண்ணால் பார்த்த தாய். அதுவரை அழ முடியாமல் இருந்தவர், அன்றைக்குத்தான் அழுதாராம். கிரஹாமே சொன்னது இது.

நமக்கு இது புரியாததா? தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ஒப்பாரி வைத்த பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காருவார்கள். அழுகை முகத்தில் தொடங்காது, அடிவயிற்றிலிருந்து வரும். முதுகு குனியும், உடம்பு முன்னும் பின்னும் ஆடும். மறுபடியும் சொல்கிறேன், வயிற்றிலிருந்து. பிள்ளைகளிடம் நான் கேட்பதும் அதுதான்.

மாணவி ஒருத்தி, பாட்டி ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியதையே நடனமாக அமைத்தாள். பாட்டி ஒத்திகைக்கு வந்தார். "கத்தியைக் குத்தாதேடி, இழு. கைமட்டும் போனா பட்டை கிழியும், காலை மாத்தி வச்சு மரத்தோட சுத்தணும்" என்று எழுந்துவந்து செய்துகாட்டினார். காலும் இடுப்பும் கையும் ஒரே ஓட்டமாக நகர்ந்தன. அப்புறம் அந்த நடனத்தில் நான் திருத்த ஒன்றுமில்லை.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். சென்னையில் பரதத்தோடு யோகாவையும் களரியையும் சேர்த்த சந்திரலேகாவைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். நம் ராம்லி இப்ராஹிமையாவது சொல்லிவிடுகிறேன். பாலே, நவீன நடனம், பரதம், ஒடிசி எல்லாம் கற்றவர். கோலாலம்பூரில் சூத்ரா நடன அமைப்பைத் தொடங்கியவர். அங்கே நிகழ்ச்சி நடந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.