கால்நடை இனப்பெருக்க ஆராய்ச்சிக்கு வர நினைப்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். படிப்பு முடிந்தால் மருந்தகத்தில் வேலை கிடைக்கும், சொந்தமாகவும் வைத்தியம் பார்க்கலாம். அதை விட்டு ஆராய்ச்சிக்குப் போவானேன்? அதிலும் இனப்பெருக்க உடலியங்கியலைத் தேர்ந்தெடுப்பானேன்?

கறவை மாடு வைத்திருக்கும் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. கன்று போட்டால்தான் பால். பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. அந்தப் பருவம் 12 முதல் 18 மணி நேரம் வரைதான் நிற்கும். தவறவிட்டால் அடுத்த பருவம் வரைக்கும் தீவனச் செலவு. “மூணு ஊசி போட்டாச்சு, சினை நிக்கலீங்க” என்று மருந்தகத்துக்கு வருகிறவரின் அந்த ஒரு வரியில் நம் துறையின் பாதிக் கேள்விகள் அடங்கிவிடும். ஊசி என்று அவர் சொல்வது காளையின் விந்தைக் கருப்பையில் செலுத்தும் சினை ஊசியை. முட்டை வெளியேறியதா? அந்த நேரத்தில் விந்தணு அங்கே இருந்ததா? கரு உண்டாகிப் பத்துப் பதினைந்து நாளில் அழிந்துவிட்டதா? கருப்பையில் நோய்த்தொற்றா, தாது உப்புக் குறைவா? வெளியே தெரிவது ஒன்றுதான், மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்துகிறது. உள்ளே இருக்கும் காரணத்தைப் பிரித்துச் சொல்லத்தான் உடலியங்கியல் வேண்டும்.

இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் முதலில் கையைப் பழக்க வேண்டும். நீளக் கையுறை போட்டு, ஆசனவாய் வழியாகக் கையை விட்டு, குடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருப்பையையும் சூலகத்தையும் தடவி அறிவதுதான் இங்கே அரிச்சுவடி. பசுவின் சூலகம் ஒரு பாதாம் கொட்டை அளவுதான் இருக்கும். அதன் மேல் முட்டை முற்றிய கொப்புளம் இருந்தால் விரலுக்கு மெத்தென்று அழுந்தும். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் கெட்டியாக, சற்றே துருத்திக்கொண்டு நிற்கும். ஆரம்ப மாதங்களில் விரலுக்கு ஒன்றுமே பிடிபடாது. அப்போது சலிப்படைந்து ஆய்வகக் கருவிகளின் பக்கம் ஓடிவிடுகிற மாணவர்கள் நிறைய பேர். அவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். பருவத்தில் இருப்பதாக எழுதி ரத்தம் எடுத்த மாட்டில், பருவத்தின்போது மிகக் குறைவாக இருக்க வேண்டிய புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் அளவு அதிகமாக வருகிறது. ஒன்று, அந்த மாடு பருவத்திலேயே இல்லை. இல்லையென்றால் மாதிரிக் குழாய் மாறிப்போயிருக்கிறது. அன்றைக்கே சூலகத்தைத் தொட்டுப் பார்த்துக் குறித்து வைத்தவருக்கு எது உண்மை என்று தெரியும். மற்றவர் அந்த எண்ணை அப்படியே ஆய்வேட்டில் ஏற்றிவிடுவார்.

அடுத்தது, ஒரே கேள்வியோடு நெடுநாள் இருப்பது. என் மனதில் உள்ளதில் முக்கியமானது இதுதான். பசுவின் முட்டை எந்த நேரத்தில் வெளியேறுகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இதற்கு அடிப்படை, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் என்பவர் மாடுகளைக் கவனித்து 1948-இல் வெளியிட்ட ஆய்வு. பருவம் முடிந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியேறும் என்பதால் இந்தக் கணக்கு பொருந்துகிறது. அதன் பிறகு 1980-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜின்தர் குழுவினர் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பசுவின் சூலகத்தை நாள்தோறும் பார்த்தார்கள். ஒரு சுழற்சிக்குள் கொப்புளங்கள் இரண்டு அல்லது மூன்று அலைகளாக வளர்ந்து அடங்குவது படமாகவே தெரிந்தது. அலை இருக்கிறது என்றால் அதை நாமே தொடங்கி வைக்க முடியாதா? அதே விஸ்கான்சினில் பர்ஸ்லி, மீ, வில்ட்பாங்க் மூவரும் 1995-இல் ஓவ்சிங்க் முறையை வெளியிட்டார்கள். முதல் நாள் முட்டை வெளியேறத் தூண்டும் ஜி.என்.ஆர்.ஹெச். ஹார்மோன் ஊசி, ஏழு நாள் கழித்து மஞ்சள் உடலத்தைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின், அதற்கு இரண்டு நாள் கழித்து மறுபடி ஜி.என்.ஆர்.ஹெச்., மறுநாள் சினை ஊசி. மாடு கத்துகிறதா என்று காவல் காக்க வேண்டியதில்லை. 1948-க்கும் 1995-க்கும் நடுவே 47 ஆண்டு. இவர்களில் யாரும் முந்தையவரின் வேலையைப் பழசு என்று தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை.

உறைவிந்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1949-இல் லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தணுவை உறையவைத்து உயிரோடு மீட்க முயன்றுகொண்டிருந்தார்கள். சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த ஒரு பழைய புட்டி அருமையாக வேலை செய்தது. புதிதாகக் கலக்கிய சர்க்கரைக் கரைசலோ பலிக்கவில்லை. சரி, ஏதோ தற்செயல் என்று விட்டிருக்கலாம். அவர்கள் அந்தப் புட்டியில் மிச்சமிருந்ததைப் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள். உள்ளே இருந்தது கிளிசரால், மேலொட்டு மாறிப்போயிருந்தது. இன்று மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கும் ஒவ்வொரு உறைவிந்துக் குச்சியும் அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்ததுதான். எதிர்பார்த்தபடி வராத முடிவைத் தூக்கிப் போடுவதற்கு முன் புட்டியில் என்ன இருந்தது என்று பாருங்கள் என்று என் மாணவர்களிடம் ஓயாமல் சொல்வேன்.

அப்புறம், கால அளவு. முனைவர் பட்டத்துக்கு மூன்று ஆண்டு. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள், எருமைக்கு 310. மூன்று ஆண்டில் ஒரே மாட்டிடம் இரண்டு ஈத்து பார்த்தாலே பெரிது. ஆகவே தலைப்பை எடுக்கும்போதே கணக்குப் போட வேண்டும். மருந்து கொடுத்த ஆறு மாட்டில் மூன்று சினை, கொடுக்காத ஆறில் இரண்டு சினை; மருந்து பலித்தது என்று எழுதலாமா? கூடாது. கொடுக்காத பக்கம் இன்னும் ஒரே ஒரு மாடு சினை பிடித்திருந்தால் இரண்டும் சமம். பத்துப் பன்னிரண்டு மாடுதான் கையில் இருக்கிறது என்றால் கொப்புளத்தின் வளர்ச்சி, ஹார்மோனின் ஏற்ற இறக்கம் போன்ற, நாள்தோறும் அளக்கக்கூடிய கேள்வியை எடுங்கள். சினை பிடிப்பு விகிதம்தான் வேண்டும் என்றால் நூற்றுக்கணக்கில் மாடு வேண்டும். அதற்கு ஊர் மருந்தகங்களின் சினை ஊசிப் பதிவேடுகளோடு உறவு வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதிவேட்டை ஒழுங்காக எழுதுகிற மருத்துவரை நான் ஆராய்ச்சியாளர் என்றே மதிக்கிறேன்.

படிப்பின் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டமான பி.வி.எஸ்சி. உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு, முதுநிலைப் பட்டமான எம்.வி.எஸ்சி. இரண்டு ஆண்டு, பிறகு முனைவர் பட்டம். இனப்பெருக்கவியல் துறை வழியாகவும் வரலாம், உடலியங்கியல் துறை வழியாகவும் வரலாம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்களில் விஞ்ஞானியாக ஏ.ஆர்.எஸ். என்ற வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு எழுத வேண்டும். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ நாமக்கல்லிலோ படித்தவர்கள் ஒரு கட்டத்துக்காவது கால்நடை ஆராய்ச்சி நிறுவனங்கள் உள்ள கர்னால், இசத்நகர், ஹிசார் அல்லது பெங்களூரு ஆடுகோடிக்குப் போய் வர வேண்டும் என்பது என் கருத்து. இன்னோர் ஆய்வகத்தின் பழக்கங்களைப் பார்த்தால்தான் நம் பழக்கங்கள் கண்ணில் படும்.

கர்னாலின் தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990-இல், உடலுக்கு வெளியே கருவுறச் செய்த எருமைக் கன்று பிரதம் பிறந்தது. 2009 பிப்ரவரியில், ஒரு விலங்கின் உயிரணுவிலிருந்து அதன் நகலை உருவாக்கும் குளோனிங் முறையில் பிறந்த கன்று சில நாள்களிலேயே இறந்துவிட்டது. அதே ஆண்டு ஜூனில் அதே முறையில் கரிமா என்ற கன்று பிறந்தது. இந்த வேலையின் அன்றாடம் எப்படி இருக்கும் தெரியுமா? இறைச்சிக்கூடத்திலிருந்து எருமைச் சூலகங்களை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் வாங்கி வந்து, ஊசியால் கொப்புளங்களை உறிஞ்சி, நுண்ணோக்கியின் கீழ் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, 38.5 டிகிரியில் ஒரு நாள் முழுக்க முற்றவைக்க வேண்டும். எருமைச் சூலகத்தில் பசுவைவிடக் குறைவான முட்டைகளே கிடைக்கும். நாள் முழுக்க உழைத்து ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் முட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். இத்தனைக்குப் பிறகு பிறந்த கன்று சில நாளில் போன பின்னும் அந்தக் குழு அடுத்த கருவை வைத்தது என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்கள் மேல் மிகுந்த மரியாதை வருகிறது.

நம் ஊருக்கான வேலையும் நிறையக் காத்திருக்கிறது. கோடையில் எருமை பருவத்துக்கு வந்தாலும் கத்தாது, வழும்பும் சரியாகத் தெரியாது. அந்த ஊமைப் பருவத்தை விவசாயி எப்படிக் கண்டுபிடிப்பார்? கலப்பினப் பசுவின் கரு வெயிலில் எந்த நாளில் அழிகிறது? காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரிக் காளைகளின் விந்து உறைநிலையை எவ்வளவு தாங்குகிறது?

தலைப்பு தேடும் ஒரு மாணவர் இன்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்காக ஒன்று சொல்லி முடிக்கிறேன். இப்போது கையால் சினை பார்க்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகிறது. அல்ட்ராசவுண்டில் ஒரு மாதத்தை ஒட்டிச் சொல்லிவிடலாம். ஆனால் பசுவின் கரு 16, 17-ஆம் நாளிலேயே இன்டர்ஃபெரான்-டௌ என்ற புரதத்தைச் சுரந்து, நான் இருக்கிறேன், மஞ்சள் உடலத்தைக் கரைத்துவிடாதே என்று தாய்க்குத் தெரிவித்துவிடுகிறது. அந்தச் செய்தியைத் தொழுவத்திலேயே, விவசாயி கொடுக்கக்கூடிய விலையில், 21-ஆம் நாளுக்கு முன் படிக்க ஒரு சோதனை வேண்டும். சினை இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டால் அடுத்த பருவத்தைத் தவறவிடாமல் ஊசி போட்டுவிடலாம். இதில் இறங்க விருப்பம் இருப்பவர்கள் தங்கள் கல்லூரியின் இனப்பெருக்கவியல் துறையில் போய்ப் பேசுங்கள். பேசப் போகும் முன் பக்கத்து மருந்தகத்தில் சினை ஊசி போட்ட மாடுகளில் எத்தனை மறுபடி கத்தின, எத்தனையாவது நாளில் கத்தின என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

நன்றி, வணக்கம்.