சூடோமோனாஸ் போய்விட்டது! (அந்த வால்வு எங்கே போனது என்று கேளுங்கள்)

வணக்கம் மக்களே. வெளிச்சம் சரியில்லை, தெரியும். கரண்ட் இப்போதுதான் வந்தது. பாப்பா தூங்குகிறாள், அதனால் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போனை மிக்சி மேல் சாய்த்து வைத்திருக்கிறேன், ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி முதலில். பாப்பாவின் சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டது. நுரையீரலில் குடியேறுகிற அந்த சூடோமோனாஸ் கிருமி வளரவில்லை! அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை. அத்தையிடம் காட்டினேன், "இங்கிலீஷ்ல இருக்கே, நல்லதா கெட்டதா?" என்றார்கள். நல்லது அத்தை, ரொம்ப நல்லது.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டே வரி. பாப்பாவுக்கு ஏழு வயது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சுருக்கமாக சிஎஃப்) என்கிற நோய். நுரையீரல் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும், அதில் கிருமி வசதியாகக் குடியேறும். மூன்று வருடம் ஆஸ்துமா என்றார்கள், நடுவில் டிபியோ என்றும் சந்தேகப்பட்டார்கள், கடைசியில் வியர்வை டெஸ்டில்தான் தெரிந்தது. அந்தக் கதையைப் பழைய வீடியோவில் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறேன், இன்று அழுகிற நாள் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சளி எடுத்துக் கல்ச்சர் பார்ப்போம் இல்லையா, போன தடவை முதன்முறையாக சூடோமோனாஸ் வந்தது. காய்ச்சல் இல்லை, இருமல்கூடக் கூடவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: இப்போதே பிடித்தால் பெரும்பாலும் விரட்டிவிடலாம், விட்டுவிட்டால் தன்னைச் சுற்றி வழவழவென்று ஒரு உறை கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். அதனால் டோப்ராமைசின் என்கிற ஆன்டிபயாடிக் 300 மில்லிகிராம், நெபுலைசரில் (மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கிற மெஷின்), காலையும் மாலையும், 28 நாள். மொத்தம் 56 ஆம்பியூல், அதாவது ஒரு வேளை மருந்து இருக்கிற குட்டிக் குப்பி. ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் ஆகும். (இது என் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தது. உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மாவுத் தூக்குக்கு முன்னால் எதுவும் நிற்காது, ஆனாலும் ஒரு தட்டு பிடுங்கிக்கொண்டேன். 11ஆவது நாள் கரண்ட் போனது, ராத்திரி முழுக்க வரவில்லை. காலையில் எடுத்தால் மருந்து கொஞ்சம் கூடுதல் மஞ்சளாகத் தெரிகிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. டப்பாவில் இருந்த காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்: 25 டிகிரி வரை 28 நாள் வெளியே இருக்கலாம், நிறம் மாறினாலும் தரம் கெடாது என்று இருக்கிறது. திருச்சியில் மே மாதம் 25 டிகிரியில் எந்த அறை இருக்கிறது? நகைக்கடையில்தான் இருக்கிறது! டாக்டருக்குப் போன் போட்டு, அவர் பரவாயில்லை என்ற பிறகுதான் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் பேக்கும் தயாராக வைத்திருக்கிறேன்.

சரி, வால்வுக்கு வருகிறேன். தலைப்பைப் பார்த்துத்தானே வந்தீர்கள்.

நெபுலைசரில் மருந்து ஊற்றுகிற கப்பை ஒவ்வொரு தடவையும் கழற்றி, சோப்பில் கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, காற்றில் முழுசாகக் காய விட வேண்டும். காயாமல் விடவே கூடாது, ஏனென்றால் சூடோமோனாஸ் ஈரத்தில் வாழும் கிருமி. சிங்க், குழாய், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் எல்லாம் அதற்கு மாமியார் வீடு. (அத்தை, உங்களைச் சொல்லவில்லை.) வினிகரில் ஊற வைத்தால் போதாதா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார்கள். போதாது அக்கா, எல்லாக் கிருமியையும் அது கொல்லாது.

19ஆவது நாள் காய வைத்த துணியில் பார்த்தால் அந்தக் கப்பின் நீல வால்வு இல்லை. விரல் நகம் அளவு பிளாஸ்டிக். சிங்க் வலையைக் கழற்றினேன், குப்பையைக் கொட்டிக் கிளறினேன், இவர் டார்ச் அடித்து அடுப்புக்குக் கீழே படுத்தே பார்த்தார். கடைக்காரரிடம் கேட்டால் வால்வு மட்டும் தனியாக வராது, முழு செட் எடுங்கள் என்கிறார். 1,850 ரூபாய்! கூரியர் 120 தனி. நகம் அளவு பிளாஸ்டிக்குக்கு! வயிறு எரிய எரியப் பணம் அனுப்பினேன். இரண்டு நாள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பிரிக்காமல் வைத்திருந்த கப்பை வாங்கி ஓட்டினோம்.

புது செட் வந்த அன்று சாயங்காலம் அத்தை ரசத்துக்கு மூடி எடுக்கிறார்கள். "ஏம்மா, இது என்ன நீலமா ஒட்டிக்கிட்டிருக்கு?" கொதிக்க வைத்த சட்டியின் மூடியில், உள்பக்கம்! பேச்சே வரவில்லை எனக்கு. ஆனால் இப்போது இரண்டு செட் இருக்கிறது, ஒன்று ஓடும்போது இன்னொன்று நிதானமாகக் காய்கிறது. முதல் நாளே இரண்டு வாங்கியிருக்க வேண்டும்.

ஐயோ, வரிசையைச் சொல்லவே இல்லை! டோப்ராமைசின் கடைசியில்தான். முதலில் மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பூட்டமால், அப்புறம் உப்புத் தண்ணீர் நெபுலைசர், அப்புறம் ஃபிசியோ. கண்ணாடியில் ஆவி படிய வைக்கிற மாதிரி "ஹா" என்று ஊதிச் சளியை வெளியே எடுத்த பிறகுதான் ஆன்டிபயாடிக். சளி அடைத்திருக்கும்போது கொடுத்தால் மருந்து அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். அந்த உப்புத் தண்ணீர் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் கடலில் அலைச்சறுக்கு விளையாடும் சிஎஃப் நோயாளிகளுக்கு நுரையீரல் நன்றாக இருப்பதைக் கவனித்தார்கள். அப்புறம் 7 சதவீத உப்புக் கரைசலை வைத்து ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஆவி பிடித்தால் போதுமே என்கிற சொந்தக்காரர்களுக்கு இதை அனுப்புங்கள். எனக்கு வேண்டாம், நான் சண்டை போட்டுக் களைத்துவிட்டேன்.

2019இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய, சிஎஃப்புக்கான அந்த மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையைப் பற்றியும் கேட்கிறீர்கள். அங்கே விலைப் பட்டியலில் வருடத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். 1,850க்கே இவ்வளவு புலம்புகிறேன், அதைத் தனி வீடியோவில் பேசலாம்.

ரிப்போர்ட் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். தொண்டையில் பஞ்சு வைத்து எடுத்தால் கீழே இருக்கும் கிருமி சில சமயம் மாட்டாது. அதனால் உப்பு நெபுலைசர் கொடுத்து, இரும வைத்து, சளியாகவே எடுத்தார்கள். பாப்பா முதன்முறையாக விழுங்காமல் துப்பினாள்! லேபில் இருந்த அக்கா கைதட்டினார்கள். அடுத்த கல்ச்சர் ஆகஸ்டில்.

இருங்கள், அடுப்பில் கப் கொதிக்கிறது, ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டியிருக்கும். மூடியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.