பெரியவர்களுக்கும் ஒரு படுக்கைப் பலகை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவப் பெருமக்களே, தகுதிக்கு மீறி என்னைப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, எல்லாருக்கும் மேலாக, நள்ளிரவில் எழுந்து படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, பராமரிப்பாளர்களே, வணக்கம். அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களின் சிறுநீர், மலக் கட்டுப்பாடு குறித்துக் காரணம், பயிற்சி, கழிப்பறை என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். துணி நனைந்ததும் நாம் பதறி, "இவர்களுக்கு இது இப்படித்தான்" என்று டயப்பரை நீட்டிவிடுகிறோம். மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா, வலிப்புக்கோ மனநலத்துக்கோ தரும் மருந்தின் விளைவா என்று பார்த்த பிறகல்லவா அந்த முடிவுக்கு வரவேண்டும்? குடலில் இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். அந்த இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிவதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி மருந்து கொடுத்தால் அடைப்பு மேலும் இறுகும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். முப்பதைக் கடந்தவர், பேச்சு வராது. தினமும் காலை உணவு முடிந்த சிறிது நேரத்தில் எழுந்து தொலைக்காட்சியை மறைத்துக்கொண்டு நிற்பார். செய்தி பிடிக்கவில்லை போலும் என்று வீட்டார் சிரிப்பார்கள், உட்காரச் சொல்வார்கள், சற்றைக்கெல்லாம் துணி கெட்டுவிடும். புதிதாக வந்த பராமரிப்பாளர் அம்மாதான் அவருடைய இடது கை சட்டை நுனியைத் திருகுவதைக் கவனித்தார். உண்டதும் குடல் அசையும் நேரம் அது. கழிப்பறைக்கு அழைத்துப் போனால், உயரமான பீடத்தில் கால் தரையில் எட்டாமல் தொங்க, பயந்து எழுந்துவிடுகிறார். காலடியில் சிறு முக்காலி ஒன்றைப் போட்டு, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி அமர்த்தினார்கள். மலச்சிக்கலுக்கு மருத்துவரிடம் காட்டினார்கள். பிறகு செய்தி நிம்மதியாக ஓடியது. பதறாத காரியம் சிதறாது, ஐயா!

பயிற்சியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தண்ணீரைக் குறைக்காதீர்கள், அடர்ந்த சிறுநீரானது சிறுநீர்ப்பையை உறுத்தும் என்பதோடு நிறுத்துகிறேன்.

இனி கழிப்பறை. வளர்ந்த ஒருவருக்கு உடை மாற்ற வெளியில் இடம் எங்கே? குழந்தைக்குப் பலகை வைத்த கட்டடங்களிலும் பெரியவரைத் தாய் தரையில் கிடத்த வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. அதன் 9ஆம் பிரிவு அணுகல்தன்மையைத்தான் பேசுகிறது. சாய்தளம் ஒன்றைக் கட்டிவிட்டு அணுகல் முடிந்தது என்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே, இன்றைய தீர்மானத்தில் "வசதியான கழிப்பறை" என்ற தொடரை நீக்கி, "பெரியவர் படுக்கும் நீளமுள்ள, உயரம் மாற்றக்கூடிய பலகையும், தூக்கும் கருவியும், உடனிருப்பவர் இருபுறமும் நிற்க இடமும் கொண்ட கழிப்பறை" என்று எழுதுமாறு திருத்தம் முன்மொழிகிறேன்.