சிலுவார் 32, தொப்பை 36: கொழுப்பு அனுப்பும் ஹார்மோன்கள்

[திரையில்: சிலுவாரின் (கால்சட்டையின்) உள்பக்கத் துணிச்சீட்டு. அதில் 32 என்ற எண்.]

மலேசியாவின் பினாங்கில் வேலை செய்யும் 27 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 170 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ) 22.8. ஆசியர்களுக்கு 23 முதல்தான் அதிக எடை என்பதால், கணக்கில் தப்பிவிடுகிறார். சிலுவார் சைஸ் 32. ஆனால் அந்தச் சிலுவார் தொப்புளுக்கு நாலு விரற்கடை கீழே, தொப்பைக்கு அடியில் நிற்கிறது. டேப்பைத் தொப்பை மேலேயே சுற்றினால் 36 அங்குலம். அதாவது 91 சென்டிமீட்டர்.

எடைக்கருவி காட்டாத அந்த நாலு அங்குலத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ.

[திரையில்: கொழுப்புச் செல்கள், நுண்ணோக்கியில். தேன்கூடு போன்ற அடுக்கு.]

உடம்புக் கொழுப்பை வெறும் கிடங்கு என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. கொழுப்புச் செல்கள் இரத்தத்தில் ஹார்மோனை விடுகின்றன, மூளை அதைக் கேட்டுப் பசியைக் கூட்டிக் குறைக்கிறது என்று தெரிந்தது. அப்படிப் பார்த்தால் கொழுப்பும் ஒரு சுரப்பிதான்.

அப்படியானால் லெப்டின் ஊசி போட்டால் இளைத்துவிடலாமே? பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிகச் சிலருக்கு அது அற்புதமாக வேலை செய்கிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பலனில்லை. கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடிக்கொண்டே போகிறது, மூளைக்கு அது உறைப்பதில்லை. பசி அடங்காமல் இருக்கும்போதே, அதே லெப்டின் நரம்புகளைத் தூண்டி இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது.

இதயத்துக்கு இன்னும் முக்கியமான ஹார்மோன் வேறொன்று. அதன் பெயர் அடிப்போனெக்டின். லெப்டினை நானோகிராமில் அளக்கிறோம், இதை மைக்ரோகிராமில் அளக்கிறோம். அவ்வளவு தாராளமாக இரத்தத்தில் ஓடுகிறது. கல்லீரலும் தசையும் இன்சுலினின் பேச்சைக் கேட்பதற்கு இது உதவுகிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து தளர்வாக இருக்க வைக்கிறது. வெள்ளணுக்கள் அந்தச் சுவரில் ஒட்டிக்கொள்வதையும் குறைக்கிறது.

இங்கேதான் ஒரு விசித்திரம். அடிப்போனெக்டினைச் சுரப்பதே கொழுப்புச் செல்தான். ஆனால் வயிற்றுக்குள் கொழுப்பு கூடினால் அடிப்போனெக்டின் குறைகிறது.

[திரையில்: ஒரு செல் மெல்ல ஊதிப் பெருக்கிறது.]

காரணம், செல்லின் பருமன். ஊதிப்போன கொழுப்புச் செல்லுக்குப் பிராணவாயு சரியாக எட்டுவதில்லை. அது நலிகிறது, அதைச் சுற்றி நோயெதிர்ப்பு அணுக்கள் கூடுகின்றன. டி.என்.எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் வெளிவருகின்றன. அவற்றில் டி.என்.எஃப்-ஆல்ஃபா அடிப்போனெக்டின் சுரப்பையே அமுக்குகிறது.

எந்த இடத்துக் கொழுப்பு என்பதும் முக்கியம். தொடையிலும் புட்டத்திலும் தோலுக்கு அடியில் இருப்பது ஓரளவு சாது. குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. கொழுப்பு அமிலம் அங்கே வெள்ளமாக வந்து சேர்வதால், கல்லீரல் அதை டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. டிரைகிளிசரைடு ஏறினால் நல்ல கொழுப்பான எச்.டி.எல் இறங்கும், கெட்ட கொழுப்பான எல்.டி.எல் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகும். இருபது வயதுகளில் தொடங்கும் இந்த வேலை மாரடைப்பாக வெளியே தெரிய பல வருடங்கள் ஆகும். வலி எதுவும் இருக்காது. அதனால்தான் இளவயதில் யாரும் கண்டுகொள்வதில்லை.

நம்மவர்களுக்கு இது ஏன் கூடுதல் கவலை? 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. பூனாவின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசிய உடம்பின் வாகு அது. கை கால் மெலிந்திருக்கும், வயிற்றுக்குள் கொழுப்பு சேரும், அடிப்போனெக்டின் சராசரியாகக் குறைவாகவே இருக்கும். நாம் மலேசியாவுக்கு வந்து நாலு தலைமுறை ஆகியிருந்தாலும் அந்த வாகு கூடவே வந்திருக்கிறது.

[திரையில்: டேப், சுவரோரம் நிற்கும் இளைஞர்.]

இப்போது அளந்து பார்க்கலாம். சட்டையைத் தூக்கிக்கொள்ளுங்கள். விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் சரிந்துவிடாமல் கண்ணாடியில் சரிபாருங்கள். மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும் நேரத்தில் எண்ணைப் படியுங்கள். வயிற்றை எக்கினால் சுலபமாக சில சென்டிமீட்டர் பொய் சேர்ந்துவிடும். சிலுவார் கட்டும் இடத்தில் அளப்பது அதைவிடப் பெரிய தப்பு.

ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தொட்டாலே எச்சரிக்கை. இன்னொரு கணக்கும் உண்டு: இப்படி அளந்த இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். நம் இளைஞருக்கு 85 இருக்கலாம், இருப்பது 91.

கழுத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் போல இருந்தால் அது பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின், அதாவது உடம்பு இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்காத நிலையின் அடையாளம். அழுக்கு என்று பிள்ளைகளின் கழுத்தைப் பீர்க்கங்கூடால் தேய்க்கும் அம்மாக்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். தேய்த்தால் போகாது. பெண்களுக்கு மாதவிடாயும் தள்ளித் தள்ளி வந்தால் டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

லெப்டின், அடிப்போனெக்டின் அளவைப் பார்க்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். சாதாரண இரத்தப் பரிசோதனையே அவற்றின் நிழலைக் காட்டும். டிரைகிளிசரைடு 1.7 அல்லது அதற்கு மேல், எச்.டி.எல் ஆண்களுக்கு 1.0-க்கும் பெண்களுக்கு 1.3-க்கும் கீழ், வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.6 அல்லது மேல், இரத்த அழுத்தம் 130/85 அல்லது மேல், இடுப்பளவு மேலே சொன்ன எல்லையைத் தொட்டது அல்லது தாண்டியது. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அதற்குப் பெயர் வளர்சிதை நோய்க்கூட்டு (மெட்டபாலிக் சிண்ட்ரோம்). முதல் மூன்றும் மில்லிமோல் கணக்கு, நம் ஊர் அறிக்கையில் அப்படித்தான் இருக்கும்.

அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) டாக்டரைப் பார்க்கலாம். குடும்பத்தில் சர்க்கரையோ மாரடைப்போ இருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 இலவசப் பரிசோதனை 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான். இளையவர்களை யாரும் கூப்பிடமாட்டார்கள், நீங்களே போக வேண்டும். முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து மணி நேரமாவது தண்ணீர் மட்டும். இரவு பதினொன்றுக்கு நாசி கண்டாரும் (குழம்பு ஊற்றிய சோறு) பீரும் முடித்துவிட்டு காலை எட்டுக்கு இரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைடு தாறுமாறாகக் காட்டும்.

[திரையில்: இரவு ஷிப்ட் முடிந்து பாலத்தில் போகும் மோட்டார் சைக்கிள்கள்.]

குறைப்பது எப்படி? நான் முதலில் தூக்கத்தைச் சொல்வேன். 2022-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், பருமன் இல்லாத 12 பேரை இரண்டு வாரம் இரவுக்கு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். எடை அரைக் கிலோ அளவுதான் கூடியது, வயிற்றுக்குள்ளிருக்கும் கொழுப்போ 11 விழுக்காடு கூடியது. அப்புறம் நன்றாகத் தூங்கவிட்டும் அது உடனே இறங்கவில்லை. பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்துவிட்டு பட்டர்வொர்த்துக்குத் திரும்புகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். பகலில் தூங்கினாலும் அறையை இருட்டாக்கி, போனை வெளியே வைத்து, ஏழு மணி நேரம் விடாமல் தூங்கப் பாருங்கள்.

அடுத்தது குடிக்கும் சீனி. ஒரு மேசைக்கரண்டி கெட்டிப் பாலில் ஏறக்குறைய 11 கிராம் சீனி. ஒரு தே தாரிக்கில் (கெட்டிப் பால் டீயில்) இரண்டு கரண்டி, நாளுக்கு மூன்று கிளாஸ் என்றால் 60 கிராமைத் தாண்டுகிறது. 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்றால் கடைக்குக் கடை அளவு மாறும். 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத டீ) என்றால் குழப்பமே இல்லை. நாசி கண்டாருக்குச் சோற்றைப் பாதியாக்கி, குழம்பைத் தனியாகக் கேளுங்கள். 'பஞ்சிர்' (சோறு மூழ்கக் குழம்பு) வேண்டாம். மீனும் வெண்டைக்காயும் இருக்கட்டும்.

நடை வாரம் 150 நிமிடம், வேர்க்கும் அளவுக்கு. தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்கா இருக்கிறது. மழை என்றால் பிளாட்டின் படிக்கட்டு இருக்கிறது. கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: உட்கார்ந்து எழுவது, தண்டால். எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சி வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைக் கரைக்கும், அதனால் நிறுவையைப் பார்த்துச் சோர்ந்து பாதியில் விட்டுவிடாதீர்கள். சிகரெட் அடிப்போனெக்டினைக் குறைக்கும், அது தனிச் சேதம்.

அடிப்போனெக்டினை ஏற்றும் என்று விற்கும் மாத்திரைகளை வாங்காதீர்கள். இதயம் ஏற்கெனவே பலவீனமானவர்களிடம் அந்த ஹார்மோன் அதிகமாக இருப்பதே கெட்ட அறிகுறியாகக் காணப்பட்டிருக்கிறது. இரத்தத்தில் அதன் அளவை மட்டும் ஏற்றுவதில் பயனில்லை.

பன்னிரண்டு வாரம் கழித்து அதே டேப், அதே இடம், காலையில் பசியாறுவதற்கு முன். பெரும்பாலும் டிரைகிளிசரைடு முதலில் இறங்கும், எச்.டி.எல் மெதுவாகத்தான் நகரும். இடுப்பளவைத் தேதியோடு போனில் குறித்து வையுங்கள், இரத்த அறிக்கையோடு அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.