திரும்ப வாங்கப்பட்ட சாவிகள்: பழைய செக்யூரிட்டி கீ சேகரிப்பு

[காட்சி: மேசை விளக்கு வெளிச்சம். கையில் வெள்ளை நிறச் சாவி ஒன்று]

வணக்கம். நான் சேகரிப்பது பழைய செக்யூரிட்டி கீ, அதாவது ஆன்லைன் கணக்குக்குள் நுழையும்போது வந்திருப்பது நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் சின்னக் கருவி. இது கூகள் வெளியிட்ட டைட்டன் சாவி, புளூடூத் வகை. நடுவில் ஒரு பொத்தான், ஓரத்தில் மைக்ரோ யுஎஸ்பி துளை, உள்ளே சின்னதாக ஒரு பேட்டரி. திருப்புகிறேன். பின்னால் பொடி எழுத்தில் ‘டி1’ என்று இருக்கிறது, தெரிகிறதா? நான் காசு கொடுத்தது அந்த டி1-க்குத்தான்.

2018 ஆகஸ்டில் இது விற்பனைக்கு வந்தது. யுஎஸ்பி சாவி ஒன்று, புளூடூத் சாவி ஒன்று, இரண்டும் சேர்த்து 50 அமெரிக்க டாலர். முதலில் அமெரிக்காவில் மட்டும்தான் விற்றார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2019 மே மாதம் கூகளே ஒரு பிழையை ஒப்புக்கொண்டது. நீங்கள் பொத்தானை அழுத்தும் அந்த நொடியில், சுமார் 30 அடி தூரத்துக்குள் இருக்கும் ஒருவர் தன் கருவியை உங்கள் சாவியோடு இணைத்துவிட வாய்ப்பு இருந்தது. பின்னால் டி1 அல்லது டி2 என்று இருந்தால் புதுச் சாவி இலவசம் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதம் வந்த ஆண்ட்ராய்டு அப்டேட், இந்தச் சாவிகளின் புளூடூத் இணைப்பைத் தானாகவே துண்டித்தது. ஐபோனில் ஐஓஎஸ் 12.3 வந்ததும் இவை வேலை செய்யவில்லை. 2021-இல் புளூடூத் வகையையே கூகள் நிறுத்திவிட்டது.

சரி, பழுதான சாவிக்கு ஏன் இவ்வளவு அக்கறை? இந்தச் சேகரிப்பில் கணக்கே தலைகீழ். நன்றாக வேலை செய்யும் சாவி எங்கும் கிடைக்கும். கம்பெனியே கூப்பிட்டு மாற்றிக் கொடுத்த சாவிதான் காணாமல் போகும். புதுசு கைக்கு வந்த பிறகு பழசை யார் பத்திரப்படுத்துவார்கள்?

இந்தப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு நிமிடம். பேங்க் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் டிஏசி எண்ணை, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் எண்ணை, நீங்கள் போலித் தளத்தில் தட்டினால், திருடன் அதை எடுத்து உண்மையான தளத்தில் தட்டிவிடுவான். எந்தத் தளத்துக்கு வந்தோம் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. செக்யூரிட்டி கீக்குத் தெரியும். பிரவுசர் தளத்தின் முகவரியையும் சேர்த்துக் கொடுக்கும்; சாவி அந்த முகவரிக்கு மட்டும் கையொப்பம் போடும். ரகசியம் சிப்பை விட்டு வெளியே வராது. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கையொப்பம் செல்லாது. எஸ்எம்எஸ் எண்களைக் கைவிடும்படி மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் வங்கிகளிடம் சொன்னதும் இந்த மாதிரித் திருட்டுகளால்தான்.

[திரையில்: மூன்று கறுப்பு யூபிகீ வரிசையாக. மூன்றும் ஒரே அச்சு]

இப்போது யூபிகீ. யூபிகோ 2007-இல் சுவீடனில் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய முதல் சாவி 2008-இல் வந்தது. இந்தச் சாவிகளின் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே பதித்த மென்பொருளை, யாரும் மாற்ற முடியாது, யூபிகோவாலும் முடியாது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அப்டேட்டுக்கு ஒரு கதவு வைத்தால் திருடனும் அதே கதவைத்தான் தட்டுவான். அதனால் ஒரு யூபிகீ தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் உள்ளே என்ன இருந்ததோ, சாகும்வரை அதுதான். உள்ளே பிழை இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும். பழைய ஃபோனை வாங்கினால் முன்பு வைத்திருந்தவர் எத்தனை முறை அப்டேட் செய்தாரோ தெரியாது. சாவியில் அந்தக் குழப்பமே கிடையாது.

திரையில் இருக்கும் இடது பக்கச் சாவி யூபிகீ 4. இதன் ஃபர்ம்வேர் எண் 4.3.4. நடுவில் இருப்பதும் யூபிகீ 4-தான், ஆனால் 4.3.5. வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. யூபிகோவின் மென்பொருளில் செருகிப் பார்த்தால்தான் எண் தெரியும். 4.2.6 முதல் 4.3.4 வரை இருந்தவற்றில், ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறைக்காகச் சாவியே உருவாக்கும் ரகசியம் பலவீனமாக இருந்தது. செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, 2017 அக்டோபரில் வெளியே வந்தது. பிழை யூபிகோ எழுதியதில் இல்லை. சிப் செய்யும் இன்ஃபினியோன் கம்பெனி கொடுத்த நிரல் தொகுப்பில் இருந்தது. எஸ்டோனியா நாட்டு அடையாள அட்டைகளிலும் அதே தொகுப்பு. லட்சக்கணக்கான அட்டைகளை அங்கே முடக்கி வைக்க வேண்டி வந்தது. யூபிகோ இலவசமாக மாற்றிக் கொடுத்தது. இன்ஃபினியோன் என்றதும் பினாங்கு ஆட்களுக்குக் கூலிம் ஃபாக்டரிதான் ஞாபகம் வரும். அங்கே செய்வது மின்சக்திக்கான சிப். இந்த வம்புக்கும் கூலிமுக்கும் சம்பந்தமில்லை.

வலது பக்கம் இருப்பதற்காகத்தான் நான் அதிகம் அலைந்தேன். எஃப்ஐபிஎஸ் வகை, 4.4.2. அமெரிக்க அரசாங்கத் தரச் சான்று பெற்ற சாவி. மின்சாரம் கிடைத்த உடனே செய்யும் முதல் சில வேலைகளில், தற்செயலாக இருக்க வேண்டிய எண்கள் முழுக்கத் தற்செயலாக இல்லை. ஒருவகைக் கையொப்பத்தில் 256 பிட்டில் 80 பிட் வரை மாறாமல் நின்றுவிடலாம். கொஞ்ச நேரம் போனால் சரியாகிவிடும். 2019 ஜூனில் 4.4.2, 4.4.4 இரண்டுக்கும் மாற்று கொடுத்தார்கள். சாதாரண யூபிகீயில் இந்தப் பிழை இல்லை. சான்றிதழ் வாங்கிய விலையுயர்ந்த வகையில் மட்டும்தான் இருந்தது. எனக்கு இந்தச் சாவி பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

[காட்சி: ஜோர்ஜ்டவுன், லோரோங் கூலிட் காலைச் சந்தை. தார்ப்பாயில் வயர், ரிமோட், சார்ஜர் குவியல்]

பினாங்கில் எங்கே தேடுவது என்று பலர் கேட்கிறார்கள். கோலாலம்பூர் லோ யட் பிளாசா மாதிரி கம்ப்யூட்டர் மால்களில் புதுச் சரக்குதான். பழசு வேண்டுமென்றால் சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில் இருக்கும் லோரோங் கூலிட். கோலாலம்பூர்க்காரர்கள் வாரக் கடைசியில் அம்கார்ப் மாலில் பார்க்கலாம். அங்கே பழைய இசைத்தட்டு, கேமரா, பொம்மைதான் அதிகம், ஆனாலும் ஒரு நடை போகலாம்.

லோரோங் கூலிட்டில் ஒரு கடைக்காரர், நம்ம ஆள்தான், ஒரு டப்பா நிறைய யுஎஸ்பி சாமான் வைத்திருந்தார். அடியில் ஒரு நானோ வகை யூபிகீ கிடந்தது. நகத்தின் அளவுதான் இருக்கும்.

“அண்ணே, இது எவ்வளவு?”

“ரெண்டு வெள்ளி தம்பி. ஆனா பென்டிரைவ் கெட்டுப்போச்சு, செருகினா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. அப்புறம் வந்து கேக்காதே.”

திறக்காதுதான். கம்ப்யூட்டருக்கு அது பென்டிரைவ் கிடையாது, கீபோர்டு. பாயான் லெப்பாஸ் பக்கம் 1972-இல் இருந்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் இருக்கின்றன. ஆஃபிஸ் சாமான்களைக் கழிக்கும்போது இந்த மாதிரி டப்பாக்கள் சந்தைக்கு வந்து சேருவதில் ஆச்சரியம் இல்லை.

[திரையில்: நோட்பேட். விரல் பட்டதும் ஒரு வரி எழுத்து ஓடுகிறது]

வாங்கியதும் நோட்பேட் திறந்து விரலை வையுங்கள். சாவி தானே 44 எழுத்துகளைத் தட்டும். முதல் 12 எழுத்து அதன் அடையாளம், அது மாறாது. மீதி 32 ஒவ்வொரு முறையும் மாறும். எழுத்து வகை மொத்தம் 16 மட்டும். பிரெஞ்சு, ஜெர்மன் என்று கீபோர்டு அமைப்பு மாறினாலும் இடம் மாறாத எழுத்துகளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது முதல் இரண்டு எழுத்து. ‘சிசி’ என்று தொடங்கினால் தொழிற்சாலையில் போட்ட அடையாளம் இன்னும் அழியவில்லை. ‘விவி’ என்றால் யாரோ அதை அழித்துவிட்டு, சொந்தமாக ஒன்றை எழுதி யூபிகோ சர்வரில் பதிந்திருக்கிறார். போனது போனதுதான், பழைய ‘சிசி’யைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒரே மாடல், ஒரே ஃபர்ம்வேர், ஆனால் ‘விவி’ என்றால் நான் பாதி விலைக்குமேல் கொடுக்க மாட்டேன்.

உள்ளே ஓர் எண்ணியும் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் செருகிய பிறகு முதல் முறை தொட்டால் ஒன்று கூடும். யூபிகோ சர்வரில் சரிபார்க்கும்போது கேட்டால் அந்த எண்ணைச் சொல்லும். “பெட்டியில இருந்து இப்பதான் எடுத்தேன்” என்று ஆன்லைனில் விற்கும் ஆளின் சாவியில் எண்ணி ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் அப்புறம் பேச்சுக்கே இடமில்லை. ஒரு தொல்லை: சோதித்துப் பார்ப்பதே அந்த எண்ணியைக் கூட்டும். அதனால் சீல் பிரிக்காத சாவியை நான் செருகுவதே இல்லை.

2012-இல் வந்த யூபிகீ நியோ தனி ரகம். ஃபோனில் ஒட்டிவைத்தாலே பேசும் என்எஃப்சி உண்டு, உள்ளே ஜாவா கார்டு என்ற, சின்ன நிரல்களை ஓட்டும் சிப். ஆரம்பத்தில் வந்தவற்றில் சொந்த நிரலை ஏற்றலாம். பிறகு அந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். பூட்டாத நியோவைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். அதில் மின்னஞ்சல் குறியாக்கத்துக்கான ஓபன்பிஜிபி பகுதியில் பின் எண் இல்லாமலே நுழையும் ஓட்டை 2015-இல் தெரிந்தது. அதற்கும் மாற்று கொடுத்தார்கள். பூட்டாததும் ஓட்டை உள்ளதும் ஒரே சாவியில் அமைந்தால் அதிர்ஷ்டம்.

சிறப்பு வெளியீடுகளும் உண்டு: 2015-இல் நிரலாளர்களின் தளமான கிட்ஹப் தன் சின்னமான ஆக்டோகேட் படம் போட்டுக் கொடுத்தது, வயர்ட் பத்திரிகை சந்தாவோடு கொடுத்தது. அழகுதான். ஆனால் உள்ளே இருப்பது சாதாரணச் சாவி; படத்துக்காக விலை ஏறுவது எனக்கு ஒட்டவில்லை. 2018-இல் மக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வந்த சோலோ திறந்த மூலச் சாவி. பயன்படுத்த நல்ல யோசனை. சேகரிக்க அப்படி இல்லை, அதை அப்டேட் செய்யலாம் என்பதால். கைக்கு வருவதற்குள் பிறந்த கோலம் போயிருக்கும்.

யுஎஸ்பி இல்லாத ஒன்று மட்டும் என்னிடம் உண்டு. ஆர்எஸ்ஏ செக்யூர்ஐடி: சின்னத் திரையில் நிமிடத்துக்கு ஓர் எண் மாறும் டோக்கன். 2011 மார்ச்சில் அந்தக் கம்பெனிக்குள் ஊடுருவல் நடந்து, உலகம் முழுக்க டோக்கன்களை மாற்ற வேண்டி வந்தது. பின்னால் அச்சிட்ட காலாவதித் தேதி தாண்டியதும் திரை வெறுமையாகிவிடும். அந்தக் காலத்து டோக்கன் இன்றும் எண் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

யாரும் செய்யக் கூடாத ஒன்று: சந்தையில் வாங்கிய சாவியை உங்கள் உண்மையான கணக்கில் பதியாதீர்கள். ரீசெட் செய்தால் முன்னவரின் பதிவு போகும்; உள்ளே யாராவது கை வைத்தார்களா என்பது போகாது. புதிதாக வாங்குகிறவர்கள் ஃபர்ம்வேர் 5.7-க்குக் கீழ் எண்ணுள்ள யூபிகீயை மலிவு என்று எடுத்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: 2024 செப்டம்பரில் நிஞ்ஜாலேப் ஆய்வாளர்கள் அதில் ஒரு குறை காட்டினார்கள், மறுபடியும் இன்ஃபினியோன் தொகுப்புதான். சாவியைக் கையில் எடுத்து, உடைத்துத் திறந்து, சுமார் 11,000 யூரோ விலைக் கருவிகளை வைத்துத்தான் அதைச் செய்ய முடியும் என்பதால் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பயமில்லை. சேகரிப்புக்கும் மதிப்பில்லை. பெரிய அளவில் திரும்ப வாங்காததால் ஊரெல்லாம் அவைதான்.

பத்திரப்படுத்துவது பற்றிக் கடைசியாக. நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு ஜிப் பையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். புளூடூத் சாவியை மட்டும் தனியாக வையுங்கள். லித்தியம் பேட்டரி உப்பினால் பக்கத்துச் சாவிக்கும் ஆபத்து. 4.4.4 எஃப்ஐபிஎஸ் யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள், மாற்றிக்கொள்ள என்னிடம் பூட்டிய நியோ இரண்டு கிடக்கின்றன. கொடுப்பதற்கு முன்னால் அதை உங்கள் கணக்குகளிலிருந்து நீக்கிவிடுங்கள், ஆனால் தயவுசெய்து ‘சிசி’ அடையாளம் இருக்கும் முதல் ஸ்லாட்டை அழித்துவிடாதீர்கள்.